லொறிக்குள் முதலாளியின் கமரா: மூடுவதா, பொறுப்பதா, கேள்வி கேட்பதா?

வத்தளைப் பக்கம் இருந்து கொள்கலன் லொறி ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். கேள்விகள் மூன்று. சாரதியைக் கேட்காமல் அவன் முகத்துக்கு நேரே கமரா பொருத்த முதலாளிக்கு உரிமை இருக்கிறதா? அதைத் துணியால் மூடினால் வேலை போய்விடுமா? கருவி சத்தமிடும் ஒவ்வொரு தடவைக்கும் சம்பளத்தில் 500 ரூபாய் வெட்டுவது சரியா? இவற்றுக்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: துறைமுக வரிசையில் நிற்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்வதற்குக்கூடக் கூச்சமாக இருக்கிறது என்று. உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, இந்தக் கமராப் பெட்டியை வைத்துக்கொண்டு மானத்தோடும் முழுச் சம்பளத்தோடும் எப்படி வேலை செய்வது என்றே நீங்கள் கேட்கிறீர்கள். அதற்கே பதில் எழுதுகிறேன். சட்டம் இடையில் வரும்.

நான் பேலியகொடையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வண்டிகளை அனுப்பும் மேசையில் தொடங்கி, பிறகு விபத்துக் கோப்புகளைப் பார்த்து, இப்போது சாரதிகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கமராவின் மறுபக்கத்தில், அதாவது காட்சிகளைப் பார்க்கும் கணினித் திரைக்கு முன்னால், பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். சட்டத்தரணி அல்ல. கருவியைப் பற்றியும் அலுவலக நடைமுறை பற்றியும் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சட்டம் பற்றிச் சொல்வதை, வழக்கு என்று வந்தால், ஒரு சட்டத்தரணியிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கருவிக்குப் பொதுவாக இரண்டு லென்ஸ்கள் இருக்கும். ஒன்று வீதியைப் பார்க்கும், மற்றது உங்களைப் பார்க்கும். உங்களைப் பார்ப்பதைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள் இருப்பதால் இரவிலும் முகம் தெளிவாக விழும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, சில கருவிகளில் மங்கலான சிவப்புப் புள்ளிகளாக மட்டும் தெரியும். உள்ளே இருக்கும் மென்பொருள் உங்கள் கண்ணிமை, வாய், தலையின் கோணம் ஆகியவற்றை அளந்துகொண்டே இருக்கும். கண்ணிமை 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருக்கும் நேரம் கூடினால் தூக்கக் கலக்கம் என்று முடிவு செய்யும். வாய் அகலத் திறந்தால் கொட்டாவி என்னும். தலை சில விநாடிகள் திரும்பியிருந்தால் கவனச்சிதறல் என்னும். காதருகே கை போனால் தொலைபேசி என்னும். இவற்றோடு, திடீரென்று பிரேக் பிடிப்பதையும் வெட்டித் திருப்புவதையும் உணரும் ஒரு சிறு உணரியும் ஜி.பி.எஸ்.சும் இருக்கும். ஏதாவது ஒன்று எல்லையைத் தாண்டியதும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வண்டிக்குள் சத்தம் வருகிறது. அந்தச் சம்பவத்துக்குச் சில விநாடிகள் முன்னும் பின்னுமாக ஒரு துண்டுக் காட்சி வெட்டப்பட்டு, சிம் வழியாக அலுவலகத்துக்குப் போகிறது.

சத்தம் உங்களுக்கு, காட்சி முதலாளிக்கு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் கண் செருகும் நொடியில் எழுப்பிவிடும் சத்தத்தோடு எந்தச் சாரதிக்கும் பெரிய பகை இருக்க முடியாது. எரிச்சல் இருக்கலாம், அது வேறு. பகை அந்தக் காட்சி எங்கே போகிறது, யார் பார்க்கிறார், எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதில்தான். இது என் சொந்தத் தத்துவம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் கொண்டுவந்த வாகனப் பாதுகாப்பு ஒழுங்குவிதி இதே கோட்டைக் கிழித்திருக்கிறது. 2024 ஜூலை முதல் அங்கே விற்கப்படும் புதிய வாகனங்கள் எல்லாவற்றிலும் தூக்கக் கலக்க எச்சரிக்கை கட்டாயம். ஆனால் அந்தக் கருவி தொடர்ச்சியாகப் பதிவு செய்யக் கூடாது, தரவு வண்டிக்கு வெளியே மூன்றாம் தரப்புக்குப் போகக் கூடாது, கணித்து முடித்ததும் அழித்துவிட வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. உற்பத்தியாளர் வண்டியோடு சேர்த்துத் தரும் கருவிக்கான விதி அது. முதலாளி கடையில் வாங்கி ஒட்டும் பெட்டிக்கு அது பொருந்தாது, இலங்கைக்கும் பொருந்தாது. இருந்தாலும் அலுவலகத்தில் பேசும்போது கைவசம் வைத்திருக்க வேண்டிய செய்தி: சத்தத்தைக் கட்டாயமாக்கிய ஒரு பெரிய சந்தையின் சட்டமே, காட்சியைச் சேமித்து வைப்பதற்கு இடம் தரவில்லை.

சரி, காட்சி தேவையே இல்லையா? இதில் நேர்மையாக இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தொழில்முறைச் சாரதிகளிடம் நடந்த ஆய்வுகள் சில இருக்கின்றன. வர்ஜீனியாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு இரண்டு நிறுவனங்களில் கமராவையும் பயிற்சியையும் சேர்த்துப் பயன்படுத்திப் பார்த்தபோது ஆபத்தான சம்பவங்கள் ஒன்றில் 37 சதவீதமும் மற்றதில் 52 சதவீதமும் குறைந்தன. அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2017 இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இன்னும் சுவையானது. வண்டிக்குள் எச்சரிக்கை விளக்கு மட்டும் எரிந்த சாரதிகளுக்கும் ஒன்றுமே செய்யப்படாத சாரதிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மேற்பார்வையாளர் காட்சியைச் சாரதியோடு உட்கார்ந்து பார்த்துப் பேசிய குழுவில்தான் மாற்றம் தெரிந்தது. இந்த முடிவை உங்கள் முதலாளியும் படிக்க வேண்டும், நீங்களும் படிக்க வேண்டும். காட்சிக்குப் பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் உட்கார்ந்து பேசுவதால் வருகிறது. தண்டப்பணம் வெட்டுவதால் விபத்து குறைந்தது என்று இந்த ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. கருவி விற்க வருகிறவர் இந்த வேறுபாட்டைச் சொல்ல மாட்டார். அவர் சதவீதத்தை மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

சாரதிகளின் மனநிலை பற்றி உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க லொறித் தொழில்துறையே நடத்தும் ஆய்வு நிறுவனம் ஒன்று 2023 இல் வெளியிட்ட அறிக்கையில், முகத்தைப் பார்க்கும் கமராவுக்குச் சாரதிகள் கொடுத்த மதிப்பெண் 10க்கு 2.24. முதலாளிகள் பக்கத்து நிறுவனம் வெளியிட்ட எண் அது. ஆகவே உங்கள் கூச்சத்தை, வேலைக்கு ஒத்துவராத ஒருவரின் சிணுங்கல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி, பொய்ச் சத்தங்கள். நீங்கள் வெற்றிலை போடும்போதெல்லாம் கருவி கத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். கத்தத்தான் செய்யும். மெல்லும் வாயையும் கொட்டாவி விடும் வாயையும் எல்லாக் கருவிகளாலும் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. ஒரு தடவை ஒரு சாரதியின் ஒரு வாரக் காட்சிகளை அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அறிக்கையில் அவர் பெயருக்கு நேரே கொட்டாவிகள் வரிசையாக நின்றன. காட்சியைத் திறந்தால் ஒவ்வொன்றிலும் மனிதர் கொழுந்து வெற்றிலையை மடித்துக் கடைவாயில் தள்ளுகிறார், பாக்குப் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கிறார், ஒன்றில் ஜன்னலுக்கு வெளியே எட்டித் துப்புகிறார். அந்தக் கடைசிக் காட்சிக்குக் கருவி வைத்த பெயர் கவனச்சிதறல். அந்தப் பட்டியலில் உண்மையான கொட்டாவி என்று சொல்லத் தக்கது மிகக் குறைவு. ஆனால் மாத முடிவில் முதலாளியின் மேசைக்குப் போனது எண்ணிக்கை மட்டுமே. காட்சியை யாரும் திறக்கவே இல்லை.

இதே போலப் பக்கக் கண்ணாடி. நாற்பதடிக் கொள்கலனைப் பின்னால் இழுத்துக்கொண்டு இங்குருகடைச் சந்தியில் திரும்புகிறவன் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் எதைப் பார்ப்பான்? கார் ஓட்டுகிறவர் ஒரு நொடி பார்த்தால் போதும். உங்களுக்கு வாலின் கடைசிச் சில்லு நடைபாதையைத் தாண்டும்வரை பார்க்க வேண்டும். கருவிக்கு அது தலை திரும்பிய நேரம், அவ்வளவுதான். தொப்பியின் முன்விளிம்பு, கறுப்புக் கண்ணாடி, மாலை வெயில் நேரே முகத்தில் அடிப்பதால் சுருங்கும் கண், இயல்பாகவே சிறுத்த கண், காதைச் சொறிவது, இவையெல்லாம் பொய்ச் சத்தத்துக்குக் காரணமாகும். வீதிப் பக்க லென்ஸிலும் இதே கதைதான். நீங்கள் முன் வண்டியோடு நல்ல இடைவெளி விட்டு வருகிறீர்கள். அந்த இடைவெளியே அழைப்பிதழ் என்று ஒரு முச்சக்கர வண்டி உள்ளே பாய்கிறது. நீங்கள் பிரேக் பிடிக்கிறீர்கள். திடீர் பிரேக் என்றும் இடைவெளிக் குறைவு என்றும் இரண்டு புள்ளிகள் உங்கள் கணக்கில் ஏறுகின்றன. கொழும்புத் தெருக்களுக்காக இந்தக் கருவிகளை யாரும் செய்யவில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது. பெரும்பாலான கருவிகளில் உணர்திறனைக் கூட்டலாம், குறைக்கலாம். எந்த வேகத்துக்கு மேல் முக எச்சரிக்கை வேலை செய்ய வேண்டும் என்றும் நிர்ணயிக்கலாம். மணிக்கு 20 அல்லது 30 கிலோமீட்டருக்குக் கீழே அதை அணைத்துவிட்டால், துறைமுக முனையத்துக்குள் ஊர்வதும் பின்னோக்கி எடுப்பதும் திருப்பங்களில் கண்ணாடி பார்ப்பதும் பட்டியலிலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடும். கருவி பொருத்தப்பட்ட உயரமும் கோணமும் முக்கியம். ஆசனத்தை முன்னே இழுத்து உட்காரும் ஒருவருக்காகச் சரிசெய்த கோணத்தில் உயரமான இன்னொருவரின் கண் பாதி மூடியதாகத் தெரியலாம். வண்டி கைமாறினால் மறுபடி சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள். லென்ஸில் தூசி படியாமல் துடைத்து வைப்பது உங்களுக்கே லாபம்.

கமராவை மூடலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. லென்ஸ் மறைக்கப்பட்டதை உணர்ந்து தனியாக ஓர் எச்சரிக்கை அனுப்பும் வசதி இந்தக் கருவிகளில் சாதாரணம். மின்னிணைப்பைப் பிடுங்கினாலும் அந்த நேரம் பதிவாகிவிடும். நீங்கள் துணியைப் போட்ட நிமிடமே, அதுவரை முதலாளியின் நடத்தை பற்றியதாக இருந்த பேச்சு உங்கள் நடத்தை பற்றியதாக மாறிவிடும். ஒழுக்காற்று விசாரணையில் 'கம்பனிச் சொத்தைச் சேதப்படுத்தினார்' என்று ஒரு வரி போதும். அதற்குப் பிறகு பொய்ச் சத்தம், வெற்றிலை, 500 ரூபாய் எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இயந்திரத்தை நிறுத்தி, வண்டியை ஒதுக்கி, ஓய்வில் இருக்கும் நேரத்தில் மூடிக்கொள்ளலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டால் தாராளமாக மூடலாம். லென்ஸுக்கு முன்னால் தள்ளி மூடும் சிறு தகடு வைத்த கருவிகளே சந்தையில் இருக்கின்றன.

அந்த ஓய்வு நேரம்தான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி. அலுவலகத்தில் இருப்பவர்களுக்குச் சாரதியின் அறை என்பது வேலைத்தளம். அதில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஆசனத்துக்குப் பின்னால் கயிற்றில் சாரம் காய்கிறது, சாமிப் படத்துக்குக் கீழே பல்துலக்கி செருகியிருக்கிறது, சோற்றுப் பொதி பிரிக்கப்படுவதும் மனைவியோடு சண்டையும் சமாதானமும் நடப்பதும் அங்கேதான். வரிசை எப்போது நகரும் என்று தெரியாமல், கொழும்புப் புழுக்கத்தில் குளிரூட்டிக்காக இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். சாவி திறந்திருக்கும்வரை கருவி வண்டி ஓடுவதாகவே நினைத்துப் பதிவு செய்துகொண்டிருக்கும். சாவியை மூடிய பிறகும் சில நிமிடங்கள் பதிவு தொடரும்படி பல கருவிகளில் அமைப்பு இருக்கிறது; நிறுத்தியிருக்கும்போதும் கண்காணிக்கும் முறை இன்னும் சிலவற்றில் உண்டு. உங்கள் வண்டியில் எது இயங்குகிறது என்பது கருவியின் அமைப்புப் பக்கத்தில் தெரியும். அதைப் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமைக்கும் குறைவான, மிகச் சாதாரணமான வேண்டுகோள். இரண்டாவதாக, ஒலி. பாதுகாப்புக்கு உங்கள் கண்ணிமை தேவைப்படலாம். நீங்கள் வீட்டோடு பேசும் பேச்சு எந்த விபத்தையும் தடுக்காது. மைக்கை அணைக்கச் சொல்லுங்கள். நான் பார்த்தவரையில் முதலாளிமார் மிக எளிதாக ஒத்துக்கொள்ளும் கோரிக்கை இது. பலருக்குத் தங்கள் கருவி ஒலியையும் பதிவு செய்கிறது என்பதே தெரியாது. மூன்றாவதாக, நேரடியாகத் திறந்து பார்க்கும் வசதி. அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, எந்தச் சம்பவமும் இல்லாமல், நினைத்த நேரத்தில் உங்கள் முகத்தைத் திரையில் திறந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், யார் எப்போது திறந்தார் என்ற பதிவு இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இது இல்லாத இடத்தில் பொழுதுபோகாத ஓர் எழுதுவினைஞர் சாரதிகள் தூங்குவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். நடக்காத காரியம் என்று நினைக்க வேண்டாம்.

சட்டத்துக்கு வருவோம். உறுதியாகச் சொல்லக்கூடியது: தன் வாகனத்தில் கமரா பொருத்துவதை நேரடியாகத் தடை செய்யும் சட்டம் எதுவும் இலங்கையில் இல்லை. நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமை ஒரு தனி உரிமையாக எழுதப்படவும் இல்லை. ஆனால் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் முகக் காட்சி தனிப்பட்ட தரவு. முகத்தின் அளவுகளைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் வேலையைக் கருவி செய்தால் அது உயிரியல் தரவு என்ற சிறப்பு வகைக்குள் போகும். அதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. குறித்த நோக்கத்துக்காக மட்டும் சேகரிக்க வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, சம்பந்தப்பட்டவருக்கு விவரம் சொல்ல வேண்டும், அவர் கேட்டால் தன் தரவைப் பார்க்க வழி செய்ய வேண்டும், இயந்திரம் மட்டும் தானாக எடுத்த முடிவை மீளாய்வு செய்யுமாறு கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பவை அதன் அடிப்படைகள். வெற்றிலைக்குக் கொட்டாவி என்று பெயர் வைத்துச் சம்பளத்தைக் குறைப்பது அந்தக் கடைசி வகைக்கு அருமையான உதாரணம்.

உறுதியில்லாத இடம் எது என்றால், நடைமுறை. இந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போடப்பட்டன. அதே ஆண்டில் திருத்தமும் வந்தது. ஆகவே நீங்கள் முறைப்பாடு செய்யப்போகும் நாளில் எந்தப் பகுதி நடைமுறையில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும். இன்றைக்கு அதை வைத்து முதலாளியைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் நிதானமாகக் கேளுங்கள். ஆனால் முதலாளிக்கு எழுதும் கடிதத்தில் அந்தச் சட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் குறிப்பிடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பெரிய நிறுவனங்கள் அதற்கு ஏற்கெனவே ஆயத்தம் செய்துகொண்டிருக்கின்றன. அந்தப் பெயரைக் கண்டால் மனிதவளப் பிரிவு எழுந்து உட்காரும்.

சம்மதப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள், அது ஆங்கிலத்தில் இருந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். 2021 இல் அமேசானின் பொதிகளை அமெரிக்காவில் விநியோகித்த சாரதிகளுக்கும் இதே தான் நடந்தது: கமராவுக்கும் உயிரியல் தரவுக்கும் சம்மதம் தராவிட்டால் வேலை இல்லை. வேறு வழியில்லாமல் போட்ட கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைப்பது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது உலகம் முழுவதும் விவாதத்தில் இருக்கும் விஷயம். நீங்கள் கையெழுத்திட்டுவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அந்தப் படிவத்தின் பிரதியையும் தமிழில் அதன் விளக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். அதில் தண்டப்பணம் பற்றி ஒரு சொல்கூட இருக்காது என்று ஊகிக்கிறேன்.

தண்டப்பணம் என்ற இடத்தில்தான் உங்கள் கை பலமாக இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு, குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பளச் சபை உண்டு. 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டத்தின் கீழ், முதலாளி தான் நினைத்தபடி சம்பளத்தில் கை வைக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட கழிவுகள் எவை என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெட்டி கத்தியது என்பதற்காக 500 ரூபாய் என்று அலுவலகச் சுவரில் ஒட்டிய காகிதம் அந்த வரையறைக்குள் எப்படி வருகிறது என்று தொழில் திணைக்களத்தில் கேட்கலாம். தலைமையகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்க வேண்டும். வெட்டுவது சம்பளத்திலா, ட்ரிப் பணத்திலா, பாதுகாப்பாக ஓட்டியதற்கான ஊக்கத்தொகையிலா? சம்பளத்தில் என்றால் உங்கள் வாதம் உறுதியானது. ஊக்கத்தொகை கொடுக்காமல் விட்டார்கள் என்றால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த வேறுபாடு தெரிந்த முதலாளிகள் அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்து மற்றதையெல்லாம் ஊக்கத்தொகை என்று எழுதுவார்கள். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சம்பளச் சீட்டே இல்லை என்றால், கமராவுக்கு முன்னால் பேச வேண்டிய விஷயம் அதுவாகிவிடும். சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கட்டப்படுகிறது என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

இதே பெட்டி உங்களுக்குச் சாட்சி சொல்லவும் கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள். பெரிய வண்டி மோதினாலும் சரி, பெரிய வண்டியில் யாராவது வந்து மோதினாலும் சரி, நம் ஊரில் முதல் பழி லொறிக்காரன் மீதுதான். நான் பார்த்த கோப்பு ஒன்றில், இரவில் நின்றிருந்த இழுவைப் பெட்டியின் பின்புறத்தில் மோட்டார் சைக்கிள் வந்து மோதியது. சாரதி குறுக்கே எடுத்தார் என்று கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். வீதிப் பக்கக் காட்சியில் வண்டி நின்றது நின்றபடியே இருந்தது. உட்பக்கக் காட்சியில் சாரதி தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அன்றிரவு வீட்டுக்குப் போனார். ஆனால் இந்தச் சாட்சிக்கு ஆயுள் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லென்ஸ் சாதாரணமாக விநாடிக்கு 4 மெகாபிட் என்ற அளவில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.8 ஜிகாபைட் ஆகிறது. இரண்டு லென்ஸுக்கு 3.6. மெமரி கார்ட் 128 ஜிகாபைட் என்றால் 35 மணி நேரத்தில் நிரம்பி, பழையதன் மேல் புதியது எழுதப்படும். கருவி தானாக வெட்டி அனுப்பிய துண்டு மட்டும் பிழைக்கும். அது எதைச் சம்பவம் என்று நினைக்கவில்லையோ அது இரண்டு நாள் ஓட்டத்தில் மறைந்துவிடும். ஆகவே ஏதாவது நடந்தால் அன்றைக்கே, 'இன்ன இடத்தில் இன்ன நேரத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரக் காட்சியை அழியாமல் எடுத்து வையுங்கள்' என்று கைத்தொலைபேசியில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. நீதிமன்றத்தில் காட்சிப் பதிவைச் சாட்சியமாக ஏற்க 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. அதற்கு 45 நாள் முன்னறிவித்தல் போன்ற விதிகள் உண்டு, அது சட்டத்தரணியின் வேலை. உங்கள் வேலை காட்சி உயிரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

முதலாளிக்கு எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். தனியாகப் போவதைவிட நான்கைந்து சாரதிகள் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் நல்லது. தொனி முக்கியம், கமராவை அகற்று என்று தொடங்கினால் கதவு மூடிவிடும், ஏனென்றால் அவர் அதற்குப் பணம் கொட்டியிருக்கிறார், காப்புறுதி நிறுவனத்திடம் ஏதாவது சலுகையும் பேசியிருக்கலாம். இப்படி எழுதலாம்: 'வண்டியில் பொருத்தப்பட்டுள்ள பாதுகாப்புக் கருவிக்கு நாங்கள் ஒத்துழைக்கிறோம். ஓய்வு நேரத்திலும் வண்டி நிற்கும்போதும் உட்பக்கக் காட்சி பதிவாகாமல் இருக்க வேண்டும் என்றும், ஒலிப்பதிவை நிறுத்த வேண்டும் என்றும், காட்சிகளைப் பார்க்க அனுமதி உள்ளவர்கள் யார், எத்தனை நாள் வைத்திருக்கப்படும் என்பவற்றை எழுத்தில் அறியத்தர வேண்டும் என்றும், எந்த எச்சரிக்கைக்காகவும் நடவடிக்கை எடுக்கும் முன் அந்தக் காட்சியைச் சம்பந்தப்பட்ட சாரதியுடன் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.' அந்தக் கடைசி வேண்டுகோள் மற்ற மூன்றையும்விடப் பெறுமதியானது. காட்சியைத் திறந்து பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தாலே பாதிப் பொய்ச் சத்தங்கள் பட்டியலிலிருந்து மறைந்துவிடும், ஏனென்றால் அவற்றைத் திறந்து பார்க்க அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை. அதோடு ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்திருங்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது கத்தியது என்று ஒரு வரி, வண்டியை நிறுத்திய பிறகு.

இவ்வளவு நேரம் பொய்ச் சத்தம் பற்றிப் பேசினேன். எல்லாமே பொய் அல்ல. உங்கள் கேள்வியில், யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் இரவுகளில் விடியற்காலை சத்தம் அதிகம் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதை மட்டும் கருவியின் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் மனித உடம்பு தூக்கத்துக்கே ஏங்கும். பிற்பகலிலும் ஒரு சிறு சரிவு உண்டு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. 2025 மே மாதம் கொத்மலையில் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, சாரதியைப் பார்க்கும் கமராக்கள் பற்றிய பேச்சு நாட்டில் வலுத்ததற்கும் இந்தப் பயமே காரணம். சத்தம் வந்தது உண்மையான கண்செருகலுக்கு என்று உங்களுக்கே தெரிந்தால் ஒதுக்கி நிறுத்துங்கள். ஒரு கோப்பை கோப்பியைக் குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண் மூடுங்கள். எழும்பும் நேரத்துக்குக் கோப்பி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். பாட்டும் முகம் கழுவுவதும் சில நிமிடங்களுக்குத்தான். பகலிலும் தூங்கி விழுகிறீர்கள், குறட்டை பலமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் சாரதிகளிடையே சாதாரணம், சிகிச்சையும் உண்டு. அந்த விடியற்காலைச் சத்தங்களுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. பகல் முழுவதும் துறைமுகத்தில் காத்திருந்தவனை அப்படியே இரவு ஓட்டத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு முதலாளியின் சொந்தக் கருவியே எழுத்தில் ஆதாரம் தருகிறது. அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு போய் ஓட்ட அட்டவணையை மாற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, நிலைமை முறிந்து வேலையை விட்டு நிறுத்தினால். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்துவதாக இருந்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி 1971 ஆம் ஆண்டின் ஊழியர் வேலை நீக்கச் சட்டம் கோருகிறது. அது எந்தெந்த வேலைத்தளங்களுக்குப் பொருந்தும் என்பதில் ஆள் எண்ணிக்கை போன்ற நிபந்தனைகள் உண்டு. அநியாயமாக நிறுத்தப்பட்டதாக, இப்படிப்பட்ட முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாத அவகாசம் இருக்கிறது. பேச்சுவார்த்தை நடக்கிறது, முதலாளி திரும்ப அழைப்பார் என்று அந்த ஆறு மாதத்தைக் கடத்திவிடுகிறவர்கள் பலர். அந்தச் சபையில் சாட்சிய விதிகள் நீதிமன்றத்தைப் போல இறுக்கமாகப் பின்பற்றப்படுவதில்லை. ஆகவே முதலாளி காட்சித் துண்டுகளைக் கொண்டுவருவார் என்று எதிர்பாருங்கள். அப்போது முழுக் காட்சியையும், வீதிப் பக்கக் காட்சியையும், எச்சரிக்கை அமைப்புகளையும் சமர்ப்பிக்கும்படி கேட்க உங்கள் கையில் சம்பளச் சீட்டும், அந்தக் கூட்டுக் கடிதத்தின் பிரதியும், குறிப்புப் புத்தகமும் இருக்க வேண்டும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வீட்டில் வையுங்கள். வண்டியில் வைக்காதீர்கள், வேலையை விட்டு நிறுத்தும் அன்று முதலில் வாங்கிக்கொள்வது சாவியைத்தான்.